பாராவ் பறவைகளை எங்கே விட்டீர்கள்?

வனவிலங்குத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னை அழைத்திருந்தீர்கள். வந்தவுடன் பயிற்சி அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைதான் கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஒரு பாட்டுப் பறவை, வலப்பக்கம் ஒரு குரங்கு. பறவை பாராவ், வைக்கோல் நிறத் தலையும் கறுப்பு மீசைக் கோடும் உள்ள பெரிய சின்னான், அதாவது புல்புல். குரங்கு லோத்தோங், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி மாட்டிய வாத்தியார் மாதிரி மரத்தில் உட்கார்ந்து இலை தின்னும். ஒன்று பறவை வகுப்பு, மற்றது பாலூட்டி வகுப்பு. ஒன்று குருவிகளின் வரிசை, மற்றது நம்மையும் சேர்த்துக்கொண்ட முதனிகளின் வரிசை. கடைசிக் கட்டத்தில் 'நிலை'. லோத்தோங் அழியும் ஆபத்தில் இருக்கிறது. பாராவ் அதைவிட மோசமான ஆபத்தில் இருக்கிறது. வண்ண மை, அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் காலத்திலும் இதே அட்டவணை இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் தலைகீழ். அன்றைக்கு மரியாதையெல்லாம் லோத்தோங்குக்கு. பாராவுக்கு நேரே 'பரவலாகக் காணப்படுவது' என்று போட்டிருக்கும். யார் போய்ப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஒருவர் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பார், அவர் அதற்கும் பழையதைப் பார்த்து எழுதியிருப்பார். பறவையை மட்டும் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு உயிர்களும் ஒரே நாளில் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. வலை கட்டுவதையும் கூண்டு கழுவுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க அலுவலகங்களில் எழுதுமேசை பிடித்த குடும்பம். ஜார்ஜ் டவுனில் எங்கள் ஆட்களுக்குச் சொத்தைவிடப் பெயர் பெரிது. 'அவர் கை சுத்தம்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அது போதும், கஞ்சி குடித்தாலும் சரி. நான் இந்த வேலையில் சேர்ந்ததே வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "குரங்கு பிடிக்கவோ உன்னைப் படிக்க வைச்சது?" என்று அத்தை ஒருத்தி கல்யாண வீடுகளில் எல்லோர் முன்னாலும் கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டு பாயசம் குடிப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலம் இன்னும் வரவில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் பெர்ரி ஒன்றுதான் வழி. பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஒரு வீட்டில் லோத்தோங் குட்டி இருப்பதாகத் துப்பு கிடைத்து, நானும் ஹமீதும் காலையிலேயே போய் இறங்கினோம். ஹமீது எங்கள் அலுவலக வேன் ஓட்டுநர். ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். என்னைவிட நாலைந்து வயது இளையவன், என்னைவிட நாலைந்து மடங்கு வாய்.

வீட்டுக்காரர் பெயர் சுப்பையா. பாட்டுப் பறவை வியாபாரி. ஓட்டமில்லை, கூச்சலில்லை. கதவைத் திறந்து, "வாங்க சார், காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். சமையலறை மூலையில் பிரம்புக் கூடைக்குள் குட்டி இருந்தது. லோத்தோங் பெரிதானால் சாம்பல் நிறம். பிறந்த குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு. தாயின் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடியே வளரும் உயிர் அது. தாயைச் சுட்டுக் கீழே தள்ளாமல் குட்டியை எடுக்க முடியாது. கூடைக்குள் கை விட்டதும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு விடவேயில்லை.

பின்பக்கம் கறுப்புத் துணி போர்த்திய கூண்டுகளில் ஆறு பாராவ். சுப்பையாவிடம் ஒரு பறவைக்குத்தான் உரிமம் இருந்தது, அது முன்வாசலில் தனியாகத் தொங்கியது. இந்த ஆறும் காட்டிலிருந்து புதிதாகப் பிடித்தவை. கம்பியில் முட்டி முட்டி நெற்றியில் இறகு போயிருந்தது.

"இதுக்கெல்லாம் பர்மிட் எங்க?" என்றேன்.

"எடுக்கணும் சார். எடுக்கலாம்னுதான் இருந்தேன்லா" என்றார், ஏதோ கடைக்குப் போக மறந்தவர் மாதிரி.

பிடித்த அன்றே மாஜிஸ்திரேட் முன் நிறுத்த ஏற்பாடாகியிருந்தது. பெர்ரியில் தீவுக்குத் திரும்பி, நீதிமன்றம் சேரும்வரை எனக்குக் குட்டியைப் பற்றிய கவலைதான். அதற்குப் பால் வேண்டும், சூடு வேண்டும், மருத்துவர் வேண்டும். பறவைகளுக்கு ஈரத் துணி போர்த்தி வைத்ததோடு சரி.

நீதிமன்றத்தில் நுழைந்தவுடன் எல்லோர் கண்ணும் என் மார்பில் தொங்கிய ஆரஞ்சுக் குட்டியின் மேல்தான். குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மாஜிஸ்திரேட் அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். மேசைக்குக் கீழே வைத்த ஆறு கூண்டுகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவரும் என்று சொன்னது தப்பு. கடைசி இரண்டு பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பறவைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பத்தில் கூண்டை ஏற்றி, எந்தப் பறவை நன்றாகப் பாடுகிறது என்று போட்டி வைப்பவர்கள். அவர்கள் குட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது என்னை.

அவர்கள் ஏன் வந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் துறையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிடிபட்ட பறவைகளை எங்கே விடப்போகிறோம் என்பதை நீதிமன்றத்தில் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அது வழக்குக் கோப்பிலும் ஏறும். அதற்கு நியாயமான காரணம் உண்டு. நல்ல குரல் உள்ள பாராவுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். அதிகாரிகளே பறவைகளை விற்றுவிடுகிறார்கள் என்று முன்பு பேச்சு கிளம்பியிருந்தது. இடத்தைச் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு வழியில்லை. யோசித்தவர் நல்லவர்தான், ஆனால் கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஒரு வழக்கில் ஓர் ஆற்றுப் பெயர் சொல்லப்பட்டது. பறவைகளையும் அங்கேதான் விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கரை நெடுக வலை கட்டிய கழிகள் நட்டபடி நின்றன. விட்டவை மட்டுமல்ல, ஏற்கெனவே அங்கே இருந்தவையும் போயிருந்தன. பாராவ் சும்மா இருக்கத் தெரியாத பறவை. ஒன்று பாடினால் இன்னொன்று பதில் பாடும். குரலைக் கேட்டுத்தான் அதைப் பிடிக்கிறார்கள். லோத்தோங்கைப் பிடிக்க வேண்டுமானால் காட்டில் தேடி அலைய வேண்டும்; பாராவ், நான் இங்கே இருக்கிறேன் என்று தானே கூப்பிட்டுச் சொல்லும்.

சுப்பையா குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டார். வக்கீல்கூட வைக்கவில்லை. குட்டி துறைக்கு, பறவைகள் பறிமுதல், இன்றைக்கே காட்டில் விட வேண்டும், அபராதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். தாயைச் சுட்டுக் குட்டியை எடுத்த வழக்கில் ஒரு மனிதர் இவ்வளவு நிம்மதியாக நின்றதை நான் பார்த்ததில்லை. பறவைகள் எங்கே போனாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி அது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. பேச்செல்லாம் மலாயில், தமிழில் சொல்கிறேன், 'அம்மா' என்பதற்கான 'புவான்' மட்டும் அப்படியே.

"பறவைகளை எங்கே விடப்போகிறீர்கள்?"

நான் சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து நிற்கிறேன். மனத்தில் ஓர் இடம் இருந்தது. துறையில் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். வாயைத் திறந்தால் அது வரும். பொய்யாக வேறோர் ஆற்றைச் சொல்லலாம். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வளர்ந்த வீடு அப்படி. கடைசி பெஞ்சில் ஒருவர் காதைத் தடவிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"இன்னும் முடிவு செய்யவில்லை, புவான்" என்றேன். அந்த நிமிடத்தில் அது உண்மையாகிவிட்டது, ஏனென்றால் நினைத்து வைத்திருந்த இடத்தை அப்போதே கைவிட்டேன்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் மேலதிகாரி தொண்டையைக் கனைத்தார். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் துறை எப்போதும் இடத்தைச் சொல்லுமே?"

"ஆமாம், புவான். உள்ளறையில் தனியாகச் சொல்ல அனுமதி கிடைக்குமா?"

"கோப்பில் ஏற முடியாத எதையும் நான் தனியாகக் கேட்க முடியாது. சொல்லாமல் போனால் உங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தெரியுமா?"

"தெரியும், புவான்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்றைக்கே விட்டுவிடுங்கள். விட்ட பிறகு நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுங்கள்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் மேலதிகாரி என் பக்கம் திரும்பாமலே, "நீயே தேடிக்கிட்ட வம்பு. நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

குட்டியை மருத்துவரிடம் ஒப்படைத்தேன். சட்டையிலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு பறவைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, பெருநிலத்துக்குத் திரும்ப நானும் ஹமீதும் பெர்ரிக்குப் போனோம். வண்டிகளின் வரிசையில் நிற்கும்போது ஹமீது கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, திரும்பாதீங்க. நம்ம முதலாளி பின்னாடியே வராரு."

கடைசி பெஞ்சுக்காரர் ஒருவரிடம் வாங்கிய சிவப்பு மோட்டார் சைக்கிளில் சுப்பையா. மறைந்து வரவில்லை. நான் கண்ணாடியில் பார்ப்பது தெரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். சட்டப்படி அவரை நான் ஒன்றும் செய்ய முடியாது. அபராதம் கட்டிய மனிதர் பெர்ரியில் ஏறினால் அது குற்றமா? ஒரே பெர்ரியில் வந்தார், ஒரே நேரத்தில் இறங்கினார். நாங்கள் வேகம் எடுத்தால் அவரும் எடுத்தார். குறைத்தால் குறைத்தார். வேனுக்குள் வெக்கை ஏறிக்கொண்டே போனது. ஒரு பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மாலைக்குள் விடாவிட்டால் விடுவதற்கு ஒன்றும் இருக்காது. விட்டால் பின்னால் வருகிறவர் இடத்தைப் பார்த்துக்கொள்வார்.

"செபராங் ஜெயால ஒரு சாப்பாட்டுக் கடை இருக்குலா" என்றான் ஹமீது. "என் மச்சான் ரொட்டி வியாபாரம் பண்றான்ல, இந்நேரத்துக்கு அங்கதான் தே தாரேக் குடிப்பான்."

"இப்ப டீ குடிக்கிற நேரமா?"

"டீ நீங்க குடிங்க. அவன் மோட்டார்ல பெட்டி இருக்குண்ணே. காத்து போற பெட்டி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

வேனைக் கடையின் பின்வாசலை ஒட்டி நிறுத்தினான். நான் முன்பக்கம் இறங்கி, ரோட்டைப் பார்த்த மேசையில் சாவகாசமாக உட்கார்ந்தேன். நான் நினைத்தபடியே சுப்பையா மோட்டாரை நிறுத்திவிட்டு என் மேசைக்கே வந்தார். அவர் கண்ணெல்லாம் என் மேல்தான் இருந்தது. விடும் அதிகாரி நான்தானே, நான் இருக்கும் இடத்தில்தான் பறவையும் இருக்கும் என்பது அவர் கணக்கு. பின்னால் சமையல்கட்டில் ஹமீதும் அவன் மச்சானும் பறவைகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டு ரொட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். காலிக் கூண்டுகளின் மேல் பழையபடி துணி போர்த்தப்பட்டது.

"கோவமா சார்?" என்றார் சுப்பையா.

"உங்க மேல எனக்கு என்னங்க கோவம்?"

"குட்டி போனதுக்கு எனக்கு வருத்தமே இல்ல சார். யாரோ கேட்டாங்க, கொண்டாந்தேன். அது தின்னும், தூங்கும், பேளும். பறவை அப்படியா? அந்த நெத்தியில காயம் பட்ட ஆண் இருக்கே, அது குரல நீங்க கேக்கல. கேட்டிருந்தா எடுத்துட்டுப் போயிருக்க மாட்டீங்க."

"காட்டுல பாடட்டுமே."

"காட்டுல பாடினா யாரு சார் கேக்குறா?"

உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாராவைக் காட்டில் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தது பாராவின் மேல் உயிரையே வைத்திருந்த ஆட்கள்தான். இதை உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டிக்காரர் மோட்டாரை உருட்டிக்கொண்டு கடையின் பக்கச் சந்து வழியாக முன்னால் வந்தார். பின்னால் பெரிய பெட்டி, அதைச் சுற்றி நெகிழிப் பைகளில் ரொட்டியும் முறுக்கும் தொங்கின. பின்னாலேயே ஹமீது வேனை ஓட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் அதன் பக்கத்திலேயே நிறுத்தினான். எங்கள் மேசையிலிருந்து நாலு எட்டு தூரம்.

அப்போது சுப்பையா உதட்டைக் குவித்தார்.

விசில் அடித்தார். சாதாரண விசில் இல்லை, பாராவின் பாட்டு. தண்ணீர் குடத்திலிருந்து கொப்பளித்து விழுவதுபோல் ஏறி இறங்கி ஓடும் பாட்டு. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பறவைக்காரர்களின் பழைய வித்தை இது. எங்கே ஒளித்து வைத்தாலும் உடம்பில் தெம்பு இருந்தால் பறவை பதில் சொல்லிவிடும். குரங்குக் குட்டியைப் பால் கொடுத்து அடக்கலாம். பாட்டுப் பறவையின் வாயை எதைக் கொண்டு அடைப்பது?

கண்ணாடிக் கிளாஸ் என் கையில் சூடாக இருந்தது. கீழே வைக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை விசில் அடித்தார். பதில் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து, துணிக்குள் அமுங்கினாலும் தெளிவாக, முதல் இரண்டு சுரம். மூன்றாவது வருவதற்குள் ரொட்டிக்காரர் தன் ரப்பர் ஹாரனை அமுக்கினார். 'பாம், பாம்' என்று தெருவே கேட்கும்படி அமுக்கி, "ரொட்டீ!" என்று ஒரு கத்து கத்தி, மோட்டாரைக் கிளப்பினார். ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டே போனார். தெருமுனையில் ஓர் அம்மா கையைக் காட்டினாள். நிற்காமல் போன ரொட்டிக்காரரை அன்றுதான் அந்தத் தெரு பார்த்திருக்கும்.

சுப்பையா என்னைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார்.

"கேட்டுச்சா சார்? உங்க வேன்ல இருந்து எனக்குப் பதில் சொல்லுது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹமீது வேன் சாவியை என் முன்னால் வைத்துவிட்டு, தான் பஸ்ஸில் வீட்டுக்குப் போவதாகச் சத்தமாகச் சொன்னான். பில் கட்டும் இடத்துக்கு நானும் எழுந்து போனேன். அங்கே அவன் காதோடு, "மச்சான் அடுத்த தெருவுல நிக்கிறான். இடம் ஒன்னு இருக்குண்ணே, எங்கன்னா…" என்று தொடங்கினான்.

"சொல்லாதே!" என்றேன்.

அவன் விழித்தான்.

"நாளைக்கு என்னைச் சத்தியம் பண்ண வெச்சுக் கேப்பாங்க. தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும். நீயே முடிவு பண்ணு. எனக்குத் தெரிய வேணாம். என்னைக்குமே."

அது திட்டம் போட்டு எடுத்த முடிவு இல்லை. அந்த நொடியில் வந்தது. சட்டப்படி தப்பு. என் பொறுப்பில் இருந்த ஆறு உயிரை ஓர் ஓட்டுநரிடமும் ஒரு ரொட்டி வியாபாரியிடமும் கொடுத்து அனுப்பினேன். ஹமீதை நம்பினேன், அவ்வளவுதான்.

நான் காலிக் கூண்டுகளோடு தெற்கே ஓட்டினேன். சுப்பையா பின்னால் வந்தார். கெட்டி ரோடு முடிந்து மண் ரோடு வந்தது, அதுவும் ஓர் ஆற்றங்கரையில் முடிந்தது. வெயில் சாய்ந்திருந்தது. இறங்கி, வேனின் பின்கதவைத் திறந்து, துணியை விலக்கினேன். அவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கூண்டாகக் கையை விட்டுத் தடவினார். முகம் வெளுத்துப்போனது.

"வித்துட்டீங்க" என்றார். "சார்… நீங்களா? உங்கள நல்ல மனுஷன்னு நெனச்சேன்லா."

என் வாழ்க்கையில் என்னை இதைவிடக் கடுமையாக யாரும் திட்டியதில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். மறுநாளே புகாரும் கொடுத்தார்.

விசாரணை நடந்தது. சத்தியம் செய்ய வைத்துக் கேட்டார்கள்.

"பறவைகள் எங்கே?"

"காட்டில் விடப்பட்டன."

"எந்தக் காடு?"

"எனக்குத் தெரியாது."

ஹமீதைக் கூப்பிட்டார்கள். "காட்டுலதான் விட்டேன் துவான். காட்டுக்கு ஏது பேர்ப்பலகை?" என்று அப்பாவி மாதிரி நின்றான். மிரட்டினார்கள், வேலை போய்விடும் என்றார்கள். அவனுக்கு வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். "அல்லா பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டான். இடத்தைச் சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு எங்களை விட்டுவிடுவார்கள். சொன்னால் அது கோப்பில் ஏறும். எங்கள் கை சுத்தம் என்று நிரூபிக்க வேறு வழியே இல்லை.

அதே வாரம் பத்திரிகையில் குட்டியின் படம் வந்தது. துறைக்குப் பாராட்டு. குட்டி பிழைத்துக்கொண்டது, நன்றாக வளர்ந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். என் பெயரும் பேசப்பட்டது, வேறு மாதிரி. கோவிலில் ஒருவர் தோளில் கை போட்டு, "என்ன விலைக்குப் போச்சு?" என்று சிரித்தார். அத்தை கல்யாண வீடுகளில் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் தாங்கவில்லை. என் மனைவி ஒருநாள் சோறு போட்டபடியே, "எங்க விட்டீங்கன்னு சொல்லித் தொலைங்களேன்" என்று அழுதாள். எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவளே நம்பினாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். குற்றமற்றவர் என்று எழுதவில்லை. என்னைக் கெப்பாலா பத்தாஸுக்கு மாற்றி, பறவை வளர்ப்பவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனார்கள். அதை நினைத்துப் புழுங்கிய நாட்கள் நிறைய உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

சில வருடங்கள் கழித்து சுப்பையாவே என் மேசைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. உரிமத்தை நீட்டவில்லை, திருப்பிக் கொடுத்தார்.

"பறவை செத்துப் போச்சு சார். வேற பிடிக்கலாம்னு ஆறு ஆறா அலைஞ்சேன். பேராக் வரைக்கும் போனேன். ஒரு குரல் இல்ல. நான் விசில் அடிக்கிறேன், அடிக்கிறேன், பதில் சொல்ல ஒன்னுமில்ல." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "அந்த ஆறு பறவையையும் யாருக்கு வித்தீங்க? இப்பவாவது சொல்லுங்க. வாங்க வரல. ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. "விக்கல, சுப்பையாண்ணே" என்றேன். அவர் நம்பாமலேயே எழுந்து போனார். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பட்டியலில் அப்போதும் பாராவ் 'பரவலாகக் காணப்படுவது'தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹமீதுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். ஆளே பாதியாகியிருந்தான். இத்தனை வருடங்களில் நாங்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அன்றைக்கு, மனைவி மக்களை வெளியே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, இடத்த சொல்ல மாட்டேன். கேக்க மாட்டேன்னு நீங்க சொன்னீங்க, நானும் சொல்லல. ஆனா ஒன்னு மட்டும் சொல்லிடறேன்."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் கேட்கவில்லை.

"வருஷா வருஷம் நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் போவேன். இந்த வருஷம் மச்சான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனான். பாடுதுண்ணே. இன்னும் பாடுது. அந்தப் பக்கம் ஒன்னு பாடினா, இந்தப் பக்கம் ஒன்னு பதில் சொல்லுதுலா."

நான் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

ஹமீது போய்விட்டான். அவன் மச்சானும் இப்போது இல்லை. எனக்குத் தெரியாது என்று நான் அன்று சொன்னது இன்றும் உண்மை. இப்போது உங்கள் அட்டவணையில் பாராவ் ஆபத்தின் உச்சியில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவிகளோடு ஆறு ஆறாகத் தேடிப் போகிறீர்கள். நல்லது, போங்கள். என்றைக்காவது, எங்காவது, ஒன்று பாடி இன்னொன்று பதில் சொல்வதைக் கேட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். கேட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே என்று என்னிடமும் சொல்லாதீர்கள்.